இரண்டு பேராசிரியர், இரண்டு பதில்

கேள்வி: ஈரோடு பக்கம் பகுதிநேர நிருபராக இருக்கிறேன். சாயப்பட்டறைக் கழிவால்தான் கிணற்று நீர் கெட்டது என்கிறார் ஒரு பேராசிரியர். பாறையிலேயே உள்ள உப்பு என்கிறார் இன்னொருவர். "ரெண்டையும் போட்டுடு" என்கிறார் ஆசிரியர். பி.காம். படித்த நான் யாரை நம்புவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: நம்புவது அப்புறம். "சார், அந்த ஊர்த் தண்ணீரை நீங்களே எடுத்துச் சோதித்தீர்களா? எந்த மாதம்? அறிக்கை கிடைக்குமா?" என்று இருவரிடமும் கேளுங்கள். மழைக்கு முன்னும் பின்னும் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகள் முதலியவற்றின் மொத்த அளவு) மாறும். ஒருவர் அளந்து சொல்கிறார், மற்றவர் அனுமானத்தில் சொல்கிறார் என்றால், இருவருக்கும் சம இடம் கொடுப்பது நடுநிலை ஆகாது. (ஆசிரியரிடம் இதை நயமாகச் சொல்லுங்கள். வேலை முக்கியம்.)

இமயமலைப் பனிப்பாறை விவகாரம் உங்களுக்கு உதவும். 1999இல் இந்தியப் பனிப்பாறை விஞ்ஞானி ஒருவர் சொன்னதாக, மத்திய, கிழக்கு இமயத்தின் பனிப்பாறைகள் 2035க்குள் மறையலாம் என்று 'நியூ சயின்டிஸ்ட்' என்ற அறிவியல் வார இதழ் எழுதியது. ஆய்விதழில் வந்த முடிவல்ல, பேச்சுவாக்கில் சொன்னது. 2005இல் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பின் அறிக்கை அதை எடுத்தாண்டது. 2007இல் ஐ.நா.வின் பருவநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் அறிக்கையில், ஆசியா பற்றிய அத்தியாயத்தில், நடப்பதற்கு மிக அதிக வாய்ப்புள்ள விஷயமாகவே அது ஏறிவிட்டது. பல நூறு மீட்டர் தடிமனுள்ள பனி அந்த வேகத்தில் கரையாது என்று துறைக்காரர்களுக்குத் தெரியும். 2010 ஜனவரியில் ஐபிசிசி வருத்தம் தெரிவித்தது. பனி உருகுவதென்னவோ உண்மை. ஆனால் 2035 என்ற அந்த ஒரு தவறைப் பிடித்துக்கொண்டு, பருவநிலை மாற்றமே கட்டுக்கதை என்று பேச ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது.

முதலில் சொன்னவரும் நிபுணர்தான் என்பதைக் கவனியுங்கள். "இதற்கு அளவீடு எங்கே?" என்று வழியில் ஒருவராவது விடாமல் கேட்டிருந்தால் அந்த எண் அங்கேயே நின்றிருக்கும். வவுச்சர் இல்லாத செலவை பி.காம். படித்தவர் கணக்கில் ஏற்றுவாரா?

அதற்காக ஒன்றுமே தெரியாமல் போய் நிற்கவும் வேண்டாம். குடிநீரில் டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை இருக்கலாம், வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 2,000வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். இவ்வளவு தெரிந்து போனாலே பேராசிரியர் உங்களிடம் பேசும் தோரணை மாறும். சாயத் தொழில்நுட்பம் படித்தவரிடம் கழிவில் என்ன இருக்கும் என்று கேளுங்கள். அது நிலத்தடியில் எப்படி நகரும் என்பதை நிலத்தடி நீரியல் ஆளிடம் கேளுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பரிசோதனை முடிவுகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறலாம்.

பாறை உப்பு என்பவரிடம் ஒரு கேள்வி பாக்கி: பட்டறைகள் வருவதற்கு முன்னால் அந்தக் கிணறுகளில் எடுத்த அளவு ஏதாவது அவரிடம் இருக்கிறதா?