ஹைபிரிட் காரில் சீட் பெல்ட் சிக்கல்: எதை நாமே பார்க்கலாம், எதைத் தொடக்கூடாது?

கேள்வி: நான்கு ஆண்டுகளாக ஒரு ஹைபிரிட் காரைக் குடும்பத்துக்காகப் பயன்படுத்தி வருகிறோம். ஓட்டுநர் பக்கத்து சீட் பெல்ட் கழற்றிய பிறகு முழுவதும் உள்ளே போகாமல் தொங்கிக் கதவிடுக்கில் மாட்டிக்கொள்கிறது. பின்னிருக்கையில் மகளின் பெல்ட் சில நாள்களில் இறுகிக்கொண்டே போய், மறுபடி வெளியே வருவதில்லை. முன்பக்கப் பயணி பெல்ட் மாட்டிய பிறகும் எச்சரிக்கை ஒலி நிற்பதில்லை. பேட்டரி, மின்மோட்டார் ஆகியவற்றால் இப்படி ஆகுமா? வீட்டிலேயே சரிசெய்யலாமா?

பதில்: நீங்கள் சொல்லும் முதல் இரண்டுக்கும் மின்சாரத்துக்கும் தொடர்பே இல்லை. பட்டையை உள்ளே இழுப்பது ஒரு சுருள்வில். கார் சட்டென்று வேகம் குறையும்போதோ சாயும்போதோ அதைப் பூட்டுவது ஒரு சிறு உலோகக் குண்டு அல்லது ஊசல். பெட்ரோல் காரிலும் இதே அமைப்புதான். மின்மோட்டாரில் மட்டும் ஓடும்போது இன்ஜின் சத்தம் இல்லாததால், முன்பு காதில் விழாத பெல்ட்டின் சிறு கடகடப்பு இப்போது கேட்கும். ஹைபிரிட் கொண்டுவரும் வேறுபாடு பெரும்பாலும் அவ்வளவே.

ஓட்டுநர் பெல்ட்டில் நான் முதலில் சந்தேகப்படுவது சுருள்வில்லை அல்ல, தோளுக்கு மேலே பட்டை நுழைந்து வரும் வளையத்தை. வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து அதன் உட்புறத்தில் மெழுகு போன்ற ஒரு படலமாகப் படிந்துவிடுகின்றன. மார்பை அழுத்தாமல் இருப்பதற்காக வில்லை வேண்டுமென்றே மென்மையாக அமைத்திருப்பதால், அந்தச் சிறு உராய்வையே அதனால் வெல்ல முடிவதில்லை. பட்டையை முழுவதும் வெளியே இழுத்து, உள்ளே ஓடிவிடாதபடி ஒரு கிளிப் போட்டுவிட்டு, மென்மையான சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் பட்டையின் இருபுறத்தையும் வளையத்தின் உட்புறத்தையும் துடையுங்கள். ஈரம் முற்றிலும் காய்ந்த பிறகே உள்ளே விடவேண்டும். பிளீச், பெட்ரோல் போன்றவை பட்டையின் இழையைப் பலவீனமாக்கும். பட்டை சுருண்டுகொள்ளும் சுருள் பெட்டிக்குள் எண்ணெய் விடுவது பலர் செய்யும் தவறு. அது தூசியை இன்னும் பிடித்து வைக்கும். துடைக்கும்போது பட்டை எங்கேனும் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். கதவில் நசுங்கி ஓரம் பிய்ந்திருந்தால் தைத்துப் பயன்படுத்தாமல் பெல்ட்டையே மாற்றவேண்டும்.

மகளின் பெல்ட்டில் இருப்பது பெரும்பாலும் பழுதே அல்ல. குழந்தை இருக்கையை இறுக்கிக் கட்டுவதற்காகப் பல கார்களின் பயணி பெல்ட்டுகளில் ஒரு தனி அமைப்பு உண்டு. பட்டையைக் கடைசிவரை இழுத்தால் அது இயங்கத் தொடங்கி, பிறகு டிக் டிக் என்ற ஒலியோடு பட்டையை உள்ளே மட்டுமே போகவிடும். கொக்கியைக் கழற்றி முழுவதும் உள்ளே விட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் விளையாட்டாகப் பட்டையைக் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் குழந்தைக்கு இதே அமைப்பு உயிராபத்தாக முடியக்கூடும் என்பதால், பயன்படுத்தாத பெல்ட்டுகளைக் குழந்தையின் கைக்கு எட்டாமல் வையுங்கள். கார் சரிவில் நிற்கும்போது மட்டும் பூட்டிக்கொண்டால் அதுவும் இயல்பே. சீட் பெல்ட்டுகளுக்கான ஐ.நா. விதி எண் 16, வழக்கமான பெல்ட்டுகளுக்கு 12 பாகை வரையிலான சாய்வில் பூட்டக்கூடாது என்றும் 27 பாகைக்கு மேல் பூட்டியே ஆகவேண்டும் என்றும் வரையறுக்கிறது. இடைப்பட்ட சாய்வில் காருக்குக் கார் மாறும்.

மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது. யாரும் உட்காராத இருக்கையில் கனமான பையை வைத்ததால் ஒலி வந்தால், சென்சார் அதை ஆளாகக் கருதியிருக்கும். ஆள் உட்கார்ந்து மாட்டிய பிறகும் ஒலித்தால், கொக்கிக்குள் இருக்கும் சுவிட்சில் பிரச்சினை இருக்கலாம், அல்லது கொக்கிக்குள் செருகும் உலோக நாக்கு உண்மையில் பூட்டாமலே இருக்கலாம். முன்னது தொந்தரவு, பின்னது ஆபத்து. மாட்டியதும் பலமாக இழுத்துப் பாருங்கள். ஒரு முறை கழன்று வந்தாலும் அந்த இருக்கையில் யாரும் உட்காரக்கூடாது. 2023 மார்ச்சில் ஹோண்டா நிறுவனம் அக்கார்டு ஹைபிரிட், இன்சைட் உள்ளிட்ட ஏறத்தாழ 4,48,000 கார்களை அமெரிக்காவில் திரும்ப அழைத்தது இத்தகைய குறைக்காகத்தான்: முன்னிருக்கைக் கொக்கிக்குள் மேற்பூச்சு நாளடைவில் கெட்டு, நாக்கு பூட்டாமல் போகலாம் என்று கண்டறியப்பட்டது. உங்கள் காரின் அடிச்சட்ட (சேஸிஸ்) எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் உள்ளிட்டு, இதுபோன்ற அழைப்பு நிலுவையில் உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வேலைக்குப் பொதுவாகக் கட்டணம் வாங்குவதில்லை.

சுருள் பெட்டியையோ கொக்கியின் அடிப்பகுதியையோ மட்டும் நீங்கள் பிரிக்கவேண்டாம். மோதலின்போது பட்டையை நொடிக்குள் இறுக்குவதற்கான வெடிமருந்துக் குப்பி அங்கே இருக்கலாம். மஞ்சள் நிற இணைப்பான் அதன் அடையாளம், மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தாலும் அது வெடிக்க வாய்ப்புண்டு. பல ஹைபிரிட் கார்களில் பின்னிருக்கைக்குக் கீழேயே உயர்மின்னழுத்தப் பேட்டரி இருப்பதால், இடுக்கில் விழுந்த கொக்கியை எடுப்பதற்காக இருக்கையைக் கழற்றினால் ஆரஞ்சு நிற உயர்மின்னழுத்த வடங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஏர்பேக் விளக்கும் எரிந்தால், சர்வீஸ் சென்டரில், காரின் கணினியில் பதிவான பிழைக்குறியீட்டை அழிப்பதற்கு முன் அதை எழுதித் தரும்படி கேளுங்கள். அழித்துவிட்டால் அடுத்த முறை விளக்கு எரியும்போது அதே பழுதுதானா என்று ஒப்பிட உங்கள் கையில் எதுவும் இருக்காது.