கிட்டார் கலைஞர் பக்கத்தில் கடற்படை அதிகாரியின் வாழ்க்கை வரலாறு

ஆல்பத்தில் கிட்டார் வாசித்த ஜேம்ஸ் ராஸின் பக்கத்தில், உங்கள் மியூசிக் பிளேயர் ஒரு கடற்படை அதிகாரியின் வாழ்க்கைக் குறிப்பைக் காட்டுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பாட்டுக் கோப்புகளில் தவறில்லை; தவறான ஆளோடு இணைந்திருப்பது வாழ்க்கைக் குறிப்பு மட்டும்தான். பிளேயரில் அந்த ஜேம்ஸ் ராஸ் பக்கத்தைத் திறந்து, தானாக வந்த குறிப்பை நீக்கி, சரியான கலைஞரின் மியூசிக்பிரெய்ன்ஸ் (இணைய இசைத் தரவுத்தளம்) அடையாள எண்ணைக் கையால் கொடுங்கள்.

நீங்கள் ஒட்டியிருக்கும் குறிப்பு சர் ஜேம்ஸ் கிளார்க் ராஸுடையது. 1800-இல் லண்டனில் பிறந்தவர், 1831-இல் வட காந்த முனையை எட்டியவர், 1839 முதல் 1843 வரை எரெபஸ், டெரர் கப்பல்களோடு அண்டார்டிகாவை ஆராய்ந்தவர். 1862-இல் இறந்துவிட்டார். பதிவு செய்த ஒலியைத் திரும்பக் கேட்கும் வசதியே வராத காலம் அது! அருமையான மனிதர், ஆனால் உங்கள் ஆல்பத்தில் அவருக்கு வேலையில்லை.

காரணம் பெரும்பாலும் இதுதான்: பாட்டுக் கோப்புகளில் விவரங்களை எழுதும் பிக்கார்ட் போன்ற மென்பொருள், பாடலின், ஆல்பத்தின் முதன்மைக் கலைஞருக்குத்தான் அடையாள எண்ணைக் கோப்பில் எழுதுகிறது. கிட்டார் வாசித்தவர், கோரஸ் பாடியவர் எல்லாம் வெறும் பெயராகத்தான் பதிவாகிறார்கள். பிளேயர் அந்தப் பெயரைத் தேடும்போது புகழ்பெற்றவர் முதலில் வந்து நிற்கிறார்.

சோதிக்க, ஒரே ஒரு கோப்பில் பெயரை 'ஜேம்ஸ் ராஸ் கிட்டார்' என்று மாற்றி மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். குறிப்பு காணாமல் போனால் இதுதான் சிக்கல். அப்புறம் பழைய பெயரையே வைத்துவிடுங்கள்.

ஒன்று கவனம்: திருத்தியதும் அந்தப் பக்கத்தைப் பூட்டும் வசதி இருந்தால் பூட்டிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த ஸ்கேனில் கப்பல்காரர் திரும்பி வந்துவிடுவார். டிஸ்காக்ஸ் என்ற இசைத்தட்டுத் தகவல் தளத்தில் பார்த்தால், பெயருக்குப் பின் அடைப்புக்குறியில் உள்ள எண்ணையும் பாருங்கள். 2, 3 என்றால் அவர்கள் வேறு வேறு ஆட்கள்.