காவல்துறைத் தன்னார்வலர் விண்ணப்பம்: ஆறு வாரமாகப் பதில் இல்லை

மறுபடியும் விண்ணப்பிக்காதீர்கள். குடியிருப்புக் கண்காணிப்புத் திட்டத்துக்கு விண்ணப்பித்து ஆறு வாரமாகப் பதில் வரவில்லை என்பதை நிராகரிப்பாகக் கொள்ள வேண்டியதில்லை. இரண்டாவது விண்ணப்பமோ சரிபார்ப்பைக் குழப்பி மேலும் தாமதமாக்கக்கூடும்.

பெரும்பாலும் தடை பின்னணிச் சரிபார்ப்பில்தான் இருக்கும். முன்பு குடியிருந்த முகவரி ஒன்று விடுபட்டிருந்தாலோ, அடையாள அட்டையில் உள்ள பெயரும் விண்ணப்பத்தில் எழுதிய பெயரும் ஓர் எழுத்து வேறுபட்டிருந்தாலோ, பரிந்துரைக்காக நீங்கள் குறிப்பிட்டவர் தொலைபேசி அழைப்பை எடுக்காமல் விட்டிருந்தாலோ கோப்பு அங்கேயே நின்றுவிடும். இந்த மூன்றாவதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. ஆகவே முதலில் பரிந்துரையாளர்களிடம் அழைப்பு வந்ததா என்று கேளுங்கள். பிறகு, தன்னார்வலர்களை ஒருங்கிணைக்கும் அதிகாரியை அலுவலக நேரத்தில் நேரில் சந்தித்து, எந்த ஆவணம் குறைகிறது என்று விசாரியுங்கள். இதற்கு அவசர அழைப்பு எண்ணைப் பயன்படுத்த வேண்டாம்.

ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன்: ஆர்வ மிகுதியால் நீங்களாகவே இரவு ரோந்துக்குக் கிளம்பிவிடாதீர்கள். பயிற்சியும் அடையாள அட்டையும் பெற்ற தன்னார்வலரின் பணிகூடப் பொதுவாகக் கவனித்துத் தகவல் தருவதுதான். சந்தேகத்துக்குரியவரைத் தடுத்து நிறுத்துவது அன்று. விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை, காவல்துறை பொதுமக்களுக்காக நடத்தும் பாதுகாப்புக் கூட்டங்களுக்குச் செல்லுங்கள்; அந்த அதிகாரியை அங்கேயே சந்திக்கவும் வாய்ப்பு உண்டு.