சங்கம் எதற்கு, சந்தா எதற்கு? கேள்வி பதில்

திருப்பூரில் காம்பாக்டிங், அதாவது பின்னல் துணியைச் சுருங்காமல் பதப்படுத்தும் வேலையை, கூலிக்குச் செய்கிறேன். எங்கள் தொழிலுக்கான சிறு சங்கம் ஒன்றில் பல வருஷம் செயலாளராக இருந்தேன். தெரிந்ததைச் சொல்கிறேன். வரிக் கணக்குக்கு ஆடிட்டரைப் பாருங்கள்.

அவிநாசி, எம்பிராய்டரி: அண்ணா, இருபது பேர் சேர்ந்து சங்கம் தொடங்கலாம் என்றிருக்கிறோம். பதிவு எப்படி?

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. ஏழு பேர் இருந்தாலே பதியலாம். பைலாவை, அதாவது சங்க விதிகளை, எழுதி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுங்கள். பதிவு சுலபம். வருஷா வருஷம் கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் தாக்கல் செய்வதில்தான் சங்கங்கள் படுத்துவிடுகின்றன. ஒன்று மட்டும் கேளுங்கள் தம்பி: கூட்ட முடிவுகளை எழுதும் மினிட் புத்தகம் தலைவர் வீட்டு பீரோவுக்குள் போகக்கூடாது. தலைவர் கோபித்துக்கொண்டு விலகும் அன்று அதுவும் அவரோடு போய்விடும்.

தாராபுரம், மளிகை: சங்கத்தில் சேராமல் கடை நடத்தலாமா?

தாராளமாக.

திருப்பூர், எம்.காம். மாணவி: இந்த ஊருக்குச் சங்கங்கள் உண்மையில் என்ன செய்தன? புராஜெக்டுக்குக் கேட்கிறேன்.

நல்ல கேள்வி, கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். உள்நாட்டு பனியன்காரர்களின் சங்கமான சைமா 1956-இல் வந்தது, ஏற்றுமதியாளர்கள் சங்கம் 1990-இல். தொழிலாளர் கூலி இந்த ஊரில் கம்பெனி கம்பெனியாகப் பேசப்படுவதில்லை. முதலாளிகள் சங்கங்கள் ஒரு பக்கம், தொழிற்சங்கங்கள் ஒரு பக்கம் உட்கார்ந்து சில வருஷங்களுக்கு ஒருமுறை பேசி முடிப்பார்கள். பவானிக்குப் பக்கத்திலிருந்து குழாயில் தண்ணீர் கொண்டுவந்த திட்டத்திலும் ஏற்றுமதியாளர் சங்கம் அரசோடு ஒரு பங்காளி. அதற்கு முன் லாரித் தண்ணீரை நம்பித்தான் சாயப்பட்டறை ஓடியது.

சாயக்கழிவைப் பாருங்கள். சின்னப் பட்டறை ஒன்றால் தனியாக ஆர்.ஓ., ஆவியாக்கி போன்ற சுத்திகரிப்புக் கருவிகளை வைக்க முடியாது, வங்கியும் கடன் தராது. அதனால் சேர்ந்து பொது சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். ஆனால் இதே கதையில் சங்கத்தின் இன்னொரு முகமும் இருக்கிறது. நொய்யலில் கழிவு விடக்கூடாது என்று 2006-இல் உயர் நீதிமன்றம் கெடு வைத்தது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பட்டறைக்காரர்கள் தரப்பு அவகாசம், இன்னும் கொஞ்சம் அவகாசம் என்றே கேட்டுக்கொண்டிருந்தது. 2011 ஜனவரியில் எல்லாப் பட்டறைகளையும் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. வழக்குப் போட்டதும் ஒரு சங்கம்தான்: நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கம். ஒரத்துப்பாளையம் அணை சாயக்குட்டை ஆனதைப் பார்த்தவர்கள் அவர்கள். மூடிய பிறகுதான் அரசு 200 கோடி வட்டியில்லாக் கடன் தந்தது, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகாத முறைக்குப் பட்டறைகள் மாறின. கெடுவை வைத்து உறுப்பினர்களை நெருக்குவதற்குப் பதிலாக, உறுப்பினர்களுக்காகக் கெடுவைத் தள்ளிப்போட ஓடியது பட்டறைக்காரர்கள் தரப்பு செய்த தப்பு. புராஜெக்டில் இதையும் எழுதம்மா.

நாமக்கல், கோழிப்பண்ணை: முட்டைக்கு என்இசிசி (தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு) தினமும் விலை அறிவிக்கிறது. அது கைக்கு வருவதில்லையே?

1982-இல் பண்ணையாளர்களுக்காகப் பிறந்த அமைப்பு அது. விலை அறிவிக்கிறது, அவ்வளவுதான். அந்த விலைக்கு வாங்கு என்று வியாபாரியைக் கட்டாயப்படுத்த முடியாது. தேக்கம் வந்தால் அந்த விலையில் கொஞ்சம் கழித்துத்தான் எடுப்பான். முட்டையை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்?

பல்லடம், கூலிக்கு நெசவு: 2021 நவம்பரில் அமைச்சர்கள் பேசி, சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம், பல்லடம் ரகத்துக்கு 20 சதவீதம் கூலி உயர்வு என்று முடிவானது. கைக்கு வரவில்லை. 2022 ஜனவரியில் தறியை நிறுத்தினோம். சேர்ந்து கூலி கேட்டால் கார்ட்டெல், அதாவது கூட்டுச் சேர்ந்து விலை வைக்கும் குற்றம், என்று ஒருவர் மிரட்டுகிறார். உண்மையா ஐயா?

தொழிலாளி சேர்ந்து கூலி கேட்பது வேறு. நீங்கள் சொந்தத் தறி வைத்திருக்கிறீர்கள், சட்டத்தின் கண்ணில் நீங்களும் ஒரு தொழில் நிறுவனம். போட்டிச் சட்டம் 2002, பிரிவு 3, சங்கம் மூலம் விலை நிர்ணயிப்பதையும் பிடிக்கும். ஆனால் நீங்கள் செய்தது மறைவில் இல்லை. அரசே கூப்பிட்டு, நூல் கொடுக்கும் எதிர்த்தரப்பையும் வைத்துப் பேசிய விஷயம் அது. மிரட்டலுக்குப் பயப்படாதீர்கள். உங்கள் சிக்கல் வேறு: பேசி முடித்ததற்குச் சட்ட பலம் இல்லை, அதனால்தான் காற்றில் போனது.

கோவை, நூல் வியாபாரம்: அப்படியானால் தறிக்காரர் கூடினால் உரிமை, மில் கூடினால் குற்றமா?

நான் அப்படிச் சொல்லவில்லை. 2012-இல் கூட்டுச் சேர்ந்து விலை வைத்ததாகச் சிமெண்ட் கம்பெனிகளுக்குப் போட்டி ஆணையம் 6,000 கோடிக்கு மேல் அபராதம் போட்டபோது, அவர்கள் சங்கத்துக்கும் சேர்த்துத்தான் போட்டது. மேல்முறையீட்டில் வழக்கு திரும்பி வந்தும் 2016-இல் மறுபடி போட்டது.

பல்லடம்: மில்லில் ஆயிரக்கணக்கில் கதிர் ஓடும். என்னிடம் இருப்பது எட்டுத் தறி. இரண்டும் ஒன்றா?

கோவை: சட்டத்தில் எட்டு, எண்பது என்று எங்கே இருக்கிறது?

இல்லைதான். என் சொந்த அபிப்ராயம், பாவும் நூலும் கொடுப்பவன் வைத்ததே கூலி என்ற இடத்தில் எட்டுத் தறிக்காரன் தனியாகப் பேசுவது பேச்சே இல்லை. ஆனால் நான் நீதிபதி இல்லை. இரண்டு பேருக்குமே ஒன்று சொல்கிறேன்: "இனி இந்த ரேட்டுக்குக் கீழே யாரும் ஓட்டக்கூடாது, ஓட்டினால் அபராதம்" என்று மினிட் புத்தகத்தில் எழுதாதீர்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவர் கிலோவுக்கு இவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துக்குச் சுற்றவிட்டார். நான் பேனாவை மூடி வைத்தேன். அன்று எனக்குக் கிடைத்த பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது.

கோவை: அப்படியானால் நூல் விலைக்காக 2022 மே மாதம் திருப்பூர் கடையடைத்ததும்...

அது அரசிடம் கோரிக்கை வைத்த போராட்டம். போதும், இது இன்னொரு நாள்.

மதுரை, மருந்து மொத்த வியாபாரம்: சங்கத்தின் தடையில்லாச் சான்று இல்லாமல் கம்பெனி ஸ்டாக்கிஸ்ட் உரிமை, அதாவது மொத்த விநியோகம், தராது என்கிறார்களே?

அப்படிக் கேட்பது தப்பு என்று போட்டி ஆணையம் பல தடவை சொல்லிவிட்டது. கம்பெனியிடம் எழுத்தில் பதில் கேளுங்கள்.

ஈரோடு, பிரிண்டிங்: பாக்கி வசூலுக்குச் சங்கம் உதவுமா?

உதவும், ஓரளவுக்கு. ஒரு பார்ட்டி எங்கள் நான்கு பேருக்கு ஒரு வருஷம் பாக்கி. ஆறு பேராகப் போய் அவர் ஆபீஸில் உட்கார்ந்தோம். குரல் உயர்த்தவில்லை. டீ வந்தது, குடித்தோம். இரண்டாவது டீயும் வந்தது. வாசலில் அவரிடம் சரக்கு வாங்கும் பையரின் கார் நின்றதும், வரும் தேதிகள் போட்டு மூன்று செக் எழுதிக் கொடுத்தார். முதல் செக் பவுன்ஸ். மற்ற இரண்டும் பாஸ்.

இப்போது அதைவிட நல்ல வழி இருக்கிறது. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு எடுங்கள், பில்லில் அந்த எண்ணைப் போடுங்கள். குறு, சிறு உற்பத்தி, சேவைத் தொழிலுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணம் தாமதிக்க முடியாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இப்போது வருமான வரியிலும், பணம் கட்டும் வரை வாங்கியவருக்கு அந்தச் செலவு கழியாது. பார்ட்டியின் ஆடிட்டரே போன் போட்டு உங்கள் உத்யம் எண்ணைக் கேட்பார்.

காங்கேயம், அரிசி மண்டி: மே 5 வணிகர் தினத்துக்குக் கடை அடைக்காவிட்டால் அபராதமாம்?

விடுமுறை விட்டால் சந்தோஷம். அபராதம் போட யாருக்கும் அதிகாரம் இல்லை.

கும்பகோணம், பாத்திரக்கடை: சங்கம் என்பதே வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதானே?

அந்தக் கால வணிகக் குழுக்களான ஐந்நூற்றுவரும் மணிக்கிராமமும் யார்? 849-இல் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் மணிக்கிராமம் இருக்கிறது. சுமத்திராவில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டில் ஐந்நூற்றுவர் இருக்கிறார்கள். மேற்கொண்டு கல்வெட்டுக்காரர்களிடம் கேளுங்கள்.

உடுமலை, ஹார்டுவேர்: சங்கத்தில் சேராமல்...

மேலே தாராபுரத்துக்குச் சொன்னதுதான்.

பொள்ளாச்சி, தென்னைநார்: சந்தாவுக்கு ஜிஎஸ்டி உண்டா?

ஆடிட்டர். முதலிலேயே சொன்னேன்.

கரூர், பெட்ஷீட்: சந்தா கட்டாதவரை நீக்கலாமா?

பைலாவில் அப்படி இருந்தால், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்துவிட்டு நீக்கலாம். நோட்டீஸ் நகலை மினிட் புத்தகத்தில் ஒட்டுங்கள். அந்தப் புத்தகம் இப்போது யார் வீட்டில் இருக்கிறது?

கரூர்: தலைவர் வீட்டில்தான் சார்.

போய் வாங்கிக்கொண்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.