அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸில் பாலோ ஆல்டோ ஃபயர்வாலை ஏற்றியதும் அதுவே கான்ஃபிகர் ஆகிவிட என்ன செய்ய வேண்டும்?

பாலோ ஆல்டோவின் மெய்நிகர் ஃபயர்வாலான விஎம்-சீரீஸில் இதற்கென்றே பூட்ஸ்ட்ராப் வசதி இருக்கிறது: நாம் தயாராக வைத்த கோப்புகளைப் படித்து அதுவே தன்னை அமைத்துக்கொள்ளும். ஆனால் அது ஒரே ஒரு முறைதான் ஓடும்: ஃபேக்டரி நிலையில் முதல்முறை பூட் ஆகும்போது. பிழை வந்தால் கோப்பைத் திருத்தி ரீபூட் செய்து பயனில்லை. அந்த இன்ஸ்டன்ஸை டெர்மினேட் செய்துவிட்டுப் புதிதாக ஏற்றுவதே வழி. அதனால் ஏற்றும் முன்பே எல்லாவற்றையும் சரிபார்த்துவிடுங்கள்.

அந்தக் கோப்புகளை எஸ்3 பக்கெட்டில் (ஏடபிள்யூஎஸ்ஸின் சேமிப்பிடம்) வைக்கிறோம். அதில் கான்ஃபிக், கன்டென்ட், சாஃப்ட்வேர், லைசென்ஸ் என்று நான்கு ஃபோல்டர்கள் வேண்டும். பெயர்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில். காலியாக இருந்தாலும் நான்கும் இருந்தே ஆக வேண்டும். டெராஃபார்மில் (கிளவுட் அமைப்பை நிரலாக எழுதி உருவாக்கும் கருவி) பக்கெட் உருவாக்கும்போது சறுக்குவது இங்கேதான். எஸ்3-இல் ஃபோல்டர் என்று உண்மையில் ஒன்று கிடையாது. கோப்பின் பெயரில் உள்ள சாய்கோடுதான் ஃபோல்டர்போலத் தெரிகிறது. காலி ஃபோல்டருக்கு, சாய்கோட்டில் முடியும் பெயரோடு ஜீரோ பைட் ஆப்ஜெக்ட் ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

கான்ஃபிக் ஃபோல்டரில் இனிட்-சிஎஃப்ஜி என்ற டெக்ஸ்ட் கோப்பு கட்டாயம். டைப் வரியில் டிஹெச்சிபி-கிளையண்ட், பிறகு ஹோஸ்ட்நேம், பனோரமாவின் (பல ஃபயர்வால்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் சர்வர்) முகவரி, டெம்ப்ளேட் ஸ்டாக், டிவைஸ் குரூப், விஎம்-ஆத்-கீ. இவ்வளவு போதும். பாலிசி, நாட் (ஐபி முகவரி மாற்றம்), ரூட்டிங் எல்லாம் பனோரமாவிலிருந்து இறங்கட்டும். அதே ஃபோல்டரில் வைக்கக்கூடிய பூட்ஸ்ட்ராப் எக்ஸ்எம்எல் கோப்பில் முழு கான்ஃபிகையும் திணிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாலிசி மாறும்போதெல்லாம் அந்தக் கோப்பையும் மாற்ற வேண்டிவரும். அட்மின் பாஸ்வேர்டின் ஹேஷும் அதற்குள்ளேயே கிடக்கும். பனோரமா இல்லாதவர்களுக்கு மட்டும் வேறு வழியில்லை. அவர்கள், ஏற்றப்போகும் ஃபயர்வாலின் அதே பான்-ஓஎஸ் (ஃபயர்வாலின் இயங்குதளம்) பதிப்பிலிருந்து எக்ஸ்போர்ட் செய்த கோப்பையே வைக்கவும்.

புது ஃபயர்வால் பனோரமாவில் சேர உதவும் விஎம்-ஆத்-கீயைக் கவனியுங்கள். பனோரமாவில் அதை உருவாக்கும்போது ஆயுளை மணிக்கணக்கில் தருகிறோம்: 1 முதல் 8760 வரை. ஆட்டோ ஸ்கேலிங் (சுமைக்கேற்பத் தானாக ஃபயர்வால்களைக் கூட்டுவது) வைத்திருப்பவர்களை இது மாதங்கள் கழித்துக் கடிக்கும். புது ஃபயர்வால் ஒழுங்காக பூட் ஆகும், பனோரமாவில் மட்டும் சேராது. கீ காலாவதியாகும் முன்பே புதுப்பித்து எஸ்3-இல் மாற்றும் வேலையையும் தானியங்கியாக்கிவிடுங்கள்.

ஃபயர்வாலுக்கு எஸ்3-ஐப் படிக்கும் உரிமை தரும் ஐஏஎம் ரோலில் இரண்டு அனுமதிகள் போதும்: பக்கெட்டின் ஏஆர்என்-மீது (ஏடபிள்யூஎஸ்ஸில் அதன் முழு அடையாளப் பெயர்) லிஸ்ட்பக்கெட், அதோடு சாய்கோடும் நட்சத்திரமும் சேர்த்த ஏஆர்என்-மீது கெட்ஆப்ஜெக்ட். இரண்டையும் ஒரே ஏஆர்என்-மீது எழுதினால் ஏதாவது ஒன்று வேலை செய்யாது. யூசர் டேட்டாவில் (இன்ஸ்டன்ஸை ஏற்றும்போது அதற்குத் தரும் உரை) பக்கெட்டின் பெயரைத் தரும் ஒரே வரி போதும்.

மேனேஜ்மென்ட் இன்டர்ஃபேஸிலிருந்து எஸ்3-க்கு வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட இன்டர்ஃபேஸ்களோடு ஏற்றினால் ஏடபிள்யூஎஸ் தானாகப் பப்ளிக் ஐபி தராது. எஸ்3 கேட்வே எண்ட்பாயிண்ட் (இணையம் இல்லாமலே எஸ்3-ஐ அடையும் வழி) வைத்தால் கோப்புகள் வந்துவிடும். சொந்த லைசென்ஸ் என்றால் அதைப் பெற இணையமும் தேவை. அதற்கு நாட் கேட்வே போன்ற ஒரு வழி வேண்டும்.

ஏற்றியபின் எஸ்எஸ்ஹெச் கிடைக்கச் சில நிமிடங்கள் ஆகும், பொறுங்கள். உள்ளே போனதும் 'ஷோ சிஸ்டம் பூட்ஸ்ட்ராப் ஸ்டேட்டஸ்' கட்டளை கொடுத்தால் எந்தப் படியில் நின்றது என்று தெரியும். உள்ளே போகவே முடியவில்லையென்றால் முதலில் செக்யூரிட்டி குரூப்பையும் ரூட் டேபிளையும் பாருங்கள், பிறகு கோப்புகளை.