தொடக்கப் பள்ளியில் பருவத்துக்கு ஏற்ற ஓவிய வேலைகள் என்னென்ன கொடுக்கலாம்?

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை, பருவத்துக்கு ஏற்றபடி என்ன ஓவியம், கைவேலை கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கடலூரில் கடலை ஒட்டிய ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. எங்களிடம் இரண்டு மூன்று வகுப்புகள் ஒரே அறையில்தான் உட்காரும். அதனால் வகுப்புக்கு ஒரு வேலை என்று பிரிப்பதை விட்டுவிட்டேன். எல்லாருக்கும் பொருள் ஒன்றே. வயதைப் பார்த்து, செய்யச் சொல்வதை மாற்றுவேன். பருவம் என்றதும் பனி மனிதனும் சிவந்த இலையும் வேண்டாம். அந்த மாதம் நம் ஊரில் கண்ணில் படுவது எதுவோ, அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி திறக்கும் ஜூனில் எங்களுக்குப் படகு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைப் பழுது பார்த்து வண்ணம் அடிப்பதைப் பிள்ளைகள் விடுமுறை முழுக்கப் பார்த்திருப்பார்கள். முதல் இரண்டு வகுப்புகளுக்கு வண்ணக் காகிதத்தைக் கையால் கிழித்து ஒட்டும் படகு. மூன்றாம் வகுப்பு, கிழிந்த வலைத்துண்டை வண்ணத்தில் நனைத்துத் தாளில் அழுத்தி அச்செடுக்கும். கண்ணி கண்ணியாக அப்படியே விழும். நான்கும் ஐந்தும் பார்த்த படகை நினைவிலிருந்து வரைய வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் படகை முடிப்பதற்கு முன்பே பதிவு எண்ணை எழுதினான். ஏன் என்றதற்கு, "நம்பர் இல்லன்னா பிடிச்சிடுவாங்க டீச்சர்" என்றான். அந்தப் படத்தை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஆவணியில் களிமண். பிள்ளையார்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. அடுப்பு, ஆமை, யானை எதுவானாலும் சரி. சின்னவர்கள் உருட்டித் தட்டினாலே போதும். பெரியவர்களுக்கு ஒட்டும் முறையைச் சொல்லிக்கொடுங்கள். தும்பிக்கையை வெறும் தண்ணீர் தொட்டு ஒட்டினால் காய்ந்ததும் விழுந்துவிடும். இரண்டு பக்கமும் குச்சியால் கீறி, குழைத்த களிமண்ணைத் தடவி அழுத்த வேண்டும். வெயிலில் வைத்தால் வெடிக்கும், நிழலில்தான் உலர்த்த வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் தாளே நமுத்துப்போய்விடும், பசையும் காயாது. ஒட்டுவேலை எல்லாம் அப்போது வேண்டாம். நான் கொடுப்பது மெழுகு. எல்லாக் கிரேயான் பெட்டியிலும் வெள்ளைதான் தொடாமல் கிடக்கும். அதால் வெள்ளைத் தாளில் அழுத்தி மழைக் கோடு போடச் சொல்லி, மேலே நீல வண்ணத்தைத் தண்ணீராகக் கரைத்துப் பூசினால், மெழுகு பட்ட இடத்தில் நீர் ஒட்டாமல் மழை வெளியே வரும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கத்தியே விடுவார்கள். வண்ணம் கெட்டியாக இருந்தால் மெழுகையும் மூடிவிடும், கவனம். மூன்றுக்கு மேல் உள்ளவர்கள் முதலில் தெருவையும் குடையையும் பல நிறக் கிரேயானில் வரைந்துவிட்டு நீலம் பூசட்டும்.

2024 ஃபெஞ்சல் புயலும் தென்பெண்ணை வெள்ளமும் போன பிறகு நான் எந்தத் தலைப்பும் கொடுக்கவில்லை. தாளும் கிரேயானும் மட்டும் வைத்தேன். ஒரு பிள்ளை வீட்டுச் சுவரை வரைந்து, பாதி உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு இழுத்தாள். தண்ணீர் நின்ற அளவு. அதற்கு மேல் எதுவும் வரையவில்லை. நானும் கேட்கவில்லை. அப்படிப்பட்ட வாரங்களில் அழகாக வரையச் சொல்லாதீர்கள்.

மார்கழிக்குக் கோலம், ஆண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான். வராந்தா தரையும் சாக்பீஸும் போதும். ஒன்று, இரண்டாம் வகுப்புகள் எண்ணிக்கொண்டே புள்ளி வைக்கட்டும். மூன்றாம் வகுப்பில் ஒருவர் பாதிக் கோலம் போட, எதிரில் உட்கார்ந்தவர் மறுபாதியை முடிக்க வேண்டும். கணக்கில் வரும் சமச்சீர் அங்கேயே புரிந்துவிடும். நான்கு, ஐந்துக்குச் சிக்குக் கோலம். மணி அடித்தாலும், கோடு தொடங்கிய புள்ளிக்கு வந்து சேரும்வரை எழுந்திருக்க மாட்டார்கள். அந்தப் பத்து நிமிடத்தை அவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.