ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்: மாத்திரைகளே போதுமா, அப்லேஷன் செய்துகொள்ள வேண்டுமா?

இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று ஈ.சி.ஜி.யில் உறுதியான பின், மாத்திரைகளைத் தொடர்வதா, குழாய் செலுத்தி இதயத்தில் செய்யும் அப்லேஷன் சிகிச்சைக்குச் சம்மதிப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே நோயோடு சில ஆண்டுகளாக வாழ்ந்து வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் மருத்துவரின் ஆலோசனைக்கு இது மாற்றாகாது.

துடிப்பை எப்படிச் சீராக்குவது என்று யோசிப்பதற்கு முன், பக்கவாதத்தை எப்படித் தடுப்பது என்பதை முடிவுசெய்துவிடுங்கள். இதயத்தின் மேலறைகள் முறையாகச் சுருங்காமல் வெறுமனே அதிர்ந்துகொண்டிருப்பதால், இடது மேலறையை ஒட்டியுள்ள சிறு பையில் இரத்தம் தேங்கி உறைகிறது. அந்த இரத்தக்கட்டி மூளைக்குச் சென்று அடைத்தால் பக்கவாதம் வருகிறது. இந்நோய் உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து ஏறக்குறைய 5 மடங்கு அதிகம். படபடப்பை உணராதவர்களும் இதற்கு விலக்கல்லர். வயது, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, இதயச் செயலிழப்பு, முன்பு வந்த பக்கவாதம் போன்றவற்றுக்கு மதிப்பெண் இட்டு, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து தேவையா என்று மருத்துவர் முடிவுசெய்வார். ஆஸ்பிரின் இதற்கு ஈடாகாது. அபிக்ஸபான், ரிவராக்ஸபான், டபிகட்ரான் போன்ற புதிய மருந்துகளுக்கு அடிக்கடி இரத்தப் பரிசோதனை தேவையில்லை என்பது பெரிய வசதி. ஆனால் செயற்கை உலோக வால்வு பொருத்தப்பட்டவர்களுக்கும் மைட்ரல் வால்வு (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ளது) கணிசமாகச் சுருங்கியவர்களுக்கும் பழைய மருந்தான வார்ஃபரினே உரியது, அதற்கு இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவைத் தவறாமல் பார்த்துவர வேண்டும்.

துடிப்பைப் பொறுத்தவரை, அதன் வேகத்தை மட்டும் பீட்டா பிளாக்கர் போன்ற மருந்தால் அடக்கி வைப்பது ஒரு வழி. ஒழுங்கான துடிப்பையே மீட்டெடுக்க முயல்வது மற்றொன்று. இரண்டுக்கும் ஆயுளில் வேறுபாடு இல்லை என்று 2002இல் வெளியான அஃபர்ம் ஆய்வு கண்டதால், வேகக் கட்டுப்பாடே போதும் என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. ஆனால் நோய் கண்டறிந்த ஓராண்டுக்குள் ஒழுங்கை மீட்கும் சிகிச்சையைத் தொடங்கியவர்களுக்குப் பக்கவாதம் உள்ளிட்ட பாதிப்புகள் குறைந்ததை 2020இல் ஈஸ்ட் ஆய்வு காட்டியது. ஆகவே, தொந்தரவு முற்றட்டும் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நாள்பட நாள்பட மேலறை விரிவடைந்து, சிகிச்சைக்கு மசியாமல் போகிறது.

அப்லேஷனின் அடிப்படை எளியது. இந்நோயைத் தூண்டும் மின்துடிப்புகள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளின் வாயிலிலிருந்தே கிளம்புகின்றன என்பதை 1998இல் பிரான்சின் போர்தோ நகரத்து மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். தொடையிலுள்ள சிரையின் வழியே செலுத்தும் மெல்லிய குழாயால் அவ்விடத்தைச் சுற்றிச் சுட்டோ கடுங்குளிரால் உறையவைத்தோ தழும்பாக்கி, மின்துடிப்பு மேலறைக்குள் பரவாமல் தடுக்கிறார்கள். விட்டுவிட்டு வரும் வகையில் இது நல்ல பலன் தருகிறது; தொடர்ந்து நீடிக்கும் வகையில் பலன் குறைவு. சிலருக்கு இரண்டாம் முறையும் செய்ய நேரிடும். இதயத்தைச் சுற்றி இரத்தம் கசிவது, பக்கவாதம் போன்ற கடுமையான சிக்கல்கள் அரிதாகவேனும் ஏற்படக்கூடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாத்திரை தொடங்கிய பிறகும் மாடி ஏறும்போது மூச்சு வாங்குவது நிற்காததால், நான் அப்லேஷன் பக்கமே சாய்ந்திருக்கிறேன். தொந்தரவு ஏதுமில்லாத முதியவர் ஒருவர் வேகக் கட்டுப்பாட்டோடு நிறுத்திக்கொள்வதும் நியாயமான முடிவே. எந்த வழியில் சென்றாலும் உடல் எடை, மது, இரத்த அழுத்தம், உறக்கத்தில் மூச்சு தடைபடுதல் ஆகியவற்றைக் கவனிக்காவிட்டால் நோய் திரும்ப வாய்ப்பு அதிகம்.

முடிவெடுக்கும் முன், எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட்) பரிசோதனையில் உங்கள் இடது மேலறையின் அளவு என்ன, உங்களுக்கு இருப்பது எந்த வகை, அப்லேஷன் செய்யவிருக்கும் மருத்துவர் ஆண்டுக்கு எத்தனை பேருக்கு அதைச் செய்கிறார் என்று தயங்காமல் கேளுங்கள். சிகிச்சைக்குப் பின் துடிப்பு சீரானாலும் உறைவுத் தடுப்பு மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதைத் தொடர்வதா என்பது துடிப்பைப் பொறுத்து அல்லாமல், உங்கள் பக்கவாத மதிப்பெண்ணைப் பொறுத்தே முடிவாகும்.